நன்றிக்கடன் பட்டவர்கள் பெற்றோரே!

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, சகோதர சகோதரிகளே, பெற்றோருடன் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே!

"குடும்பத்தில் பெரிதும் நன்றிக்கடன் பட்டவர்கள் பிள்ளைகளா, பெற்றோரா?" இதுதான் இன்றைய தலைப்பு. பெற்றோரே என்று வாதிட வந்திருக்கிறேன். வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு மகளுக்கும் ஒரு மகனுக்கும் தாய் நான்.

எதிரணித் தலைவர் நன்றாகவே பேசினார். குர்ஆனில் லுக்மான் அத்தியாயத்தின் 14ஆம் வசனத்தை எடுத்துக் காட்டினார். தாய் பலவீனத்தின் மேல் பலவீனப்பட்டுச் சுமந்தாள், ஆகவே எனக்கும் உன் பெற்றோருக்கும் நன்றி செலுத்து என்கிறான் அல்லாஹ். பெற்றோரைப் பார்த்து 'சீ' என்றுகூடச் சொல்லாதே என்ற 17ஆம் அத்தியாயத்தின் 23ஆம் வசனத்தைச் சொன்னார். நான் நல்லவிதமாக நடந்துகொள்ள மிகவும் உரியவர் யார் என்று ஒருவர் கேட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மூன்று முறை 'உன் தாய்' என்றும் நான்காம் முறை 'உன் தந்தை' என்றும் பதில் சொன்ன ஹதீஸையும், அதாவது நபிமொழியையும், சொன்னார். அரங்கம் கைதட்டியது. நானும் சேர்ந்துதான் தட்டினேன்.

இவற்றில் ஓர் எழுத்தைக்கூட எங்கள் அணி மறுக்கவில்லை. நாங்கள் கேட்பது ஒன்றுதான். இவை மூன்றும் யாரைப் பார்த்துப் பேசுகின்றன? பிள்ளையைப் பார்த்து. பிள்ளையின் பெயருக்கு வந்த கடிதத்தை நாம் பிரித்துப் படித்து, "பார், எனக்கு நீ எவ்வளவு கடன்பட்டிருக்கிறாய்" என்று அவன் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கிறோம். நம் பெயருக்கு வந்த கடிதங்களோ பிரிக்கப்படாமல் கிடக்கின்றன. அவற்றில் சிலவற்றை இந்த மேடையில் பிரிக்கிறேன்.

எதிரணி காட்டிய அதே லுக்மான் அத்தியாயத்தில் இரண்டு வசனங்கள் முன்னால் போங்கள். 12ஆம் வசனம். லுக்மானுக்கு ஞானத்தைக் கொடுத்தோம், அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்துவீராக என்றோம் என்று வருகிறது. நன்றி செலுத்தும்படி முதலில் கட்டளை வருவது தகப்பனுக்கு! அடுத்த வசனத்தில் அந்தத் தகப்பன் என்ன செய்கிறார்? மகனை அருகில் வைத்துக்கொண்டு, "என் அருமை மகனே" என்று பேசத் தொடங்குகிறார். நன்றி சொல் என்று தகப்பனுக்குச் சொல்லப்பட்டது, உடனே அவர் திரும்பியது மகனின் பக்கம். பெற்றோருக்கு நன்றி செலுத்தச் சொல்லும் 14ஆம் வசனமோ இதற்கெல்லாம் பிறகு, அல்லாஹ்வின் சொந்தக் கட்டளையாக நடுவில் வருகிறது. 'எனக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறாய்' என்று லுக்மான் மகனிடம் தம் வாயால் ஓர் இடத்திலும் கேட்கவில்லை. தொழுகை, பொறுமை, பணிவு, தாழ்ந்த குரல் என்று மகனுக்குத் தேவையானதையே சொல்லிக்கொண்டு போகிறார்.

அடுத்தது இப்ராஹீம் நபி (அலை) அவர்கள். 14ஆம் அத்தியாயத்தின் 39ஆம் வசனம். முதுமையில் எனக்கு இஸ்மாயீலையும் இஸ்ஹாக்கையும் தந்த அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும் என்கிறார். நெருப்பிலிருந்து காப்பாற்றப்பட்டவர் அவர். ஒரு சமுதாயத்தையே எதிர்த்துத் தனியாக நின்றவர். அப்படிப்பட்டவர் அந்த துஆவில், அந்தப் பிரார்த்தனையில், 'அல்ஹம்துலில்லாஹ்' என்று தொடங்கி எடுத்துச் சொல்வது தம் இரண்டு பிள்ளைகளை.

நடுவர் அவர்களே, எதிரணியில் பேசிய சகோதரி ஒருவர் இதற்கு முன்கூட்டியே ஒரு தடை போட்டுவிட்டுப் போயிருக்கிறார். "பிள்ளையைத் தந்த அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லுங்கள், பிள்ளைக்கு எதற்கு நன்றி?" என்றார். கூர்மையான கேள்விதான், மதிக்கிறேன். ஆனால் மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தாதவர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னது அபூதாவூத், திர்மிதி ஆகிய ஹதீஸ் நூல்களில் பதிவாகியிருக்கிறதே! அந்த 'மனிதர்கள்' என்ற கணக்கில் அண்டை வீட்டுக்காரர் வருவார், கதவைத் திறந்துவிட்ட அறிமுகமில்லாத ஒருவர் வருவார், நம் வீட்டுக்குள் நம்மோடு வளரும் மனிதர் மட்டும் வரமாட்டாரா? அந்நியர் ஒரு குவளை தண்ணீர் எடுத்துக் கொடுத்தால் 'ஜஸாக்கல்லாஹ்' என்கிறோம். அதே தண்ணீரை மகள் கொண்டுவந்து வைத்தால் தலையைக்கூட நிமிர்த்துவதில்லை.

சரி, பிள்ளை நமக்கு அப்படி என்ன தந்துவிட்டது என்று கேட்பீர்கள். மூன்று முறை 'உன் தாய்' என்ற ஹதீஸை எதிரணி சொன்னபோது, அந்த மூன்று பங்குக்கும் உரியவளாக நான் இங்கேதான் உட்கார்ந்திருந்தேன். போருக்குப் போக அனுமதி கேட்டு வந்தவரிடம், தாயுடன் இரு, அவளது காலடியில் சொர்க்கம் இருக்கிறது என்று சொல்லப்பட்ட ஹதீஸும் எனக்குப் பெருமை தருவதுதான். ஆனால் இந்தப் பெருமையெல்லாம் எனக்கு எப்போது வந்தது? என் மகள் பிறந்த நாளில். அதற்கு முந்தைய நாள் வரை நானும் இதே கால்களோடுதான் நடந்துகொண்டிருந்தேன், அந்தக் கால்களின் அடியில் சொர்க்கம் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. என் படிப்பால் அந்தத் தகுதி வரவில்லை, என் தொழுகையால் வரவில்லை. பேசக்கூடத் தெரியாத ஒரு சிசு வந்து அதைத் தந்துவிட்டது. எதிரணி தாயை உயர்த்திப் பேசும் ஒவ்வொரு ஹதீஸிலும் அந்தச் சிசுவின் பங்கு இருக்கிறது.

அப்புறம், "நாங்கள்தானே சோறு போடுகிறோம்" என்ற வாதம். இதற்கு 17ஆம் அத்தியாயத்தின் 31ஆம் வசனம் போதும். வறுமைக்குப் பயந்து உங்கள் குழந்தைகளைக் கொல்லாதீர்கள், அவர்களுக்கும் உங்களுக்கும் நாமே உணவளிக்கிறோம் என்கிறான் அல்லாஹ். வரிசையைப் பாருங்கள். அவர்களுக்கு, பிறகு உங்களுக்கு. பிள்ளைக்கு எழுதப்பட்ட ரிஸ்க், அதாவது வாழ்வாதாரம், வீட்டுக்குள் வருகிறது, நாமும் அதே வீட்டில்தான் சாப்பிடுகிறோம். சம்பாதிக்கும் கை நம்முடையதாக இருக்கலாம். கொடுப்பவன் அவன்.

மூஸா நபி (அலை) அவர்களின் தாயை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். கைக்குழந்தையை ஆற்றில் விட்டுவிட்டாள். அவளுடைய உள்ளம் வெறுமையாகிவிட்டது என்று 28ஆம் அத்தியாயம் சொல்கிறது. அந்த நிலையில் அவள் யாரை அனுப்பினாள்? மகளை. "அவனைப் பின்தொடர்ந்து போ" என்றாள். அந்தப் பெண்ணின் பெயரைக் குர்ஆன் சொல்லவில்லை, வயதையும் சொல்லவில்லை. அவள் செய்ததை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறது. யாருக்கும் சந்தேகம் வராதபடி தூரத்திலிருந்தே தம்பியைக் கவனித்தாள். எகிப்து அரசன் பிர்அவ்னின் வீட்டில் குழந்தை எந்தச் செவிலித்தாயிடமும் பால் குடிக்கவில்லை என்று தெரிந்ததும் முன்னால் போய்ப் பேசினாள். "உங்களுக்காக இவனைப் பொறுப்பேற்று வளர்க்கக்கூடிய, இவனுக்கு நலம் நாடும் ஒரு வீட்டாரை நான் காட்டட்டுமா?" ஆண்குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்த அரசனின் ஆட்களிடம் அந்தப் பெண் பேசிய பேச்சு இது! ஒரு சொல் பிசகியிருந்தால் வீடே போயிருக்கும். தாயால் அழாமல் அங்கே போய் நின்றிருக்க முடியுமா? மகள் நின்றாள். குழந்தை தாயின் மடிக்கே திரும்பி வந்தது. அவளுடைய கண் குளிரவும் அவள் கவலைப்படாமல் இருக்கவும் அவனைத் திருப்பிக் கொடுத்தோம் என்கிறான் அல்லாஹ்.

அந்தத் தாய் அன்று இரவு மகளைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாள்? "உன்னைப் பெற்று வளர்த்தேனே, இது உன் கடமை" என்றா? எதிரணியில் இருக்கும் தாய்மார்கள் தங்கள் மனசைக் கேட்டுச் சொல்லட்டும்.

அதே அத்தியாயத்தில் இன்னொரு வீடும் வருகிறது. மத்யனில் ஒரு முதியவர். ஆடுகளுக்குத் தண்ணீர் காட்ட அவரால் முடியவில்லை, இரண்டு பெண்பிள்ளைகள் அதைச் செய்கிறார்கள். மூஸாவை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், பலமும் நம்பிக்கையும் உள்ளவரே வேலைக்கு வைக்கச் சிறந்தவர் என்று தந்தைக்கு யோசனை சொன்னவள் அவர்களில் ஒருத்தி. தந்தை ஏற்றுக்கொண்டார். மகளின் யோசனையைக் கேட்ட வீட்டுக்கு ஒரு நபி மருமகனாக வந்து சேர்ந்தார்.

இவ்வளவு வேண்டாம், நாளைக்கு நாம் கண் மூடிவிட்டால்? மனிதன் இறந்துவிட்டால் மூன்றைத் தவிர மற்ற செயல்கள் நின்றுவிடும் என்று ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் நூலில் வருகிறது. நிலையான தர்மம், பயன் தரும் கல்வி, அவருக்காக துஆ செய்யும் நல்ல பிள்ளை. தர்மம் செய்ய எல்லாரிடமும் பொருள் இருக்காது. கல்வியை விட்டுச்செல்ல எல்லாரும் ஆலிம், அதாவது மார்க்க அறிஞர், கிடையாது. ஏழைக்கும் படிக்காதவருக்கும் மிச்சமிருக்கும் வாசல் அந்த மூன்றாவதுதான். மண்ணுக்குள் போன பிறகும் எனக்காக யாரோ கையேந்தப் போகிறார்கள் என்றால், அந்தக் கைகளைப் பார்த்து இப்போதே நான் நன்றியோடு இருக்க வேண்டாமா?

இங்கே இன்னொன்றும் என் மனசில் ஓடுகிறது. தான் நாடியவர்களுக்குப் பெண்மக்களைத் தருகிறான், நாடியவர்களுக்கு ஆண்மக்களைத் தருகிறான், நாடியவர்களைப் பிள்ளையில்லாதவர்களாக ஆக்குகிறான் என்று 42ஆம் அத்தியாயத்தில் வருகிறது. என் இறைவா, என்னைத் தனியாளாக விட்டுவிடாதே என்று ஸகரிய்யா நபி (அலை) அவர்கள் முதுமையில் கேட்டார்கள். அதே துஆவைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் இந்த அரங்கிலும் இருக்கக்கூடும். அவர்கள் காதில் விழும்படி நின்று, என் மகன் எனக்குக் கடன்பட்டவன் என்று பேச எனக்கு நா எழவில்லை.

நடுவர் அவர்களே, எதிரணியின் மிகப் பலமான வாதத்துக்கு வருகிறேன். "உங்கள் செல்வமும் பிள்ளைகளும் சோதனைதான் என்று குர்ஆனே சொல்கிறது, சோதனைக்கு நன்றி சொல்வார்களா?" என்று கேட்டார்கள். 64ஆம் அத்தியாயத்தின் 15ஆம் வசனம். ஆமாம், இருக்கிறது. அந்த வசனத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எந்த நேரத்தில் ஓதினார்கள் என்பதை எதிரணி சொல்லவில்லை, நான் சொல்கிறேன். பள்ளிவாசலின் உரைமேடையான மிம்பரில் நின்று உரை நிகழ்த்திக்கொண்டிருக்கிறார்கள். பேரர்கள் ஹஸனும் ஹுஸைனும் சிவப்புச் சட்டை அணிந்து தடுமாறித் தடுமாறி நடந்து வருகிறார்கள். நாயகம் உரையை நிறுத்திவிட்டு மிம்பரிலிருந்து இறங்கிப் போய், இருவரையும் தூக்கி வந்து தம் முன்னால் வைத்துக்கொண்ட பிறகுதான் இந்த வசனத்தை ஓதினார்கள். "இந்த இரண்டு குழந்தைகளும் தடுமாறி வருவதைப் பார்த்தேன், பேச்சை நிறுத்திவிட்டுப் போய்த் தூக்காமல் என்னால் பொறுக்க முடியவில்லை" என்றார்கள்.

சோதனை என்ற வசனம் ஓதப்பட்ட இடத்தைப் பாருங்கள்! இரண்டு குழந்தைகளும் கைக்குள் இருக்கிறார்கள். அல்லாஹ்வின் தூதர் வாழ்ந்து காட்டிய விளக்கம் இது. எதிரணி அதே வசனத்தைப் பிள்ளையைத் தள்ளி நிறுத்தக் கொண்டுவந்திருக்கிறது. அதற்கு முந்தைய 14ஆம் வசனமும், மனைவி மக்களிலும் உங்களுக்கு விரோதிகள் இருக்கிறார்கள், எச்சரிக்கையாக இருங்கள் என்று சொல்லிவிட்டு, நீங்கள் மன்னித்து, பொருட்படுத்தாமல் விட்டு, பொறுத்துக்கொண்டால் அல்லாஹ் மன்னிப்பவன், அன்புடையவன் என்றுதான் முடிகிறது.

தலைப்பு நன்றிக்கடன். ஆனால் இந்த மேடைக்கு நான் வந்ததற்கு உண்மையான காரணம் வளர்கின்ற பிள்ளைகள்தான். பிறந்த ஏழாம் நாள் ஆடு அறுத்து அகீகா கொடுத்து அல்லாஹ்வுக்கு நன்றி சொல்கிறோம். அழகான பெயர் வைக்கிறோம், முத்தமிடுகிறோம், மடியில் வைத்துக் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹா சொல்லித்தருகிறோம். அப்புறம்? அதே பிள்ளைக்குப் பதினான்கு வயதாகும்போது நம் வாயிலிருந்து வருவது என்ன? எழுந்தாயா, தொழுதாயா, படித்தாயா, யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறாய்? கேட்க வேண்டியவைதான், தப்பென்று சொல்லவில்லை. ஆனால் அன்றைய நாள் முழுக்க அவை மட்டுமே வந்தால், நம் பிள்ளைக்கு நாம் அன்பைச் சொன்னது எப்போது? குரல் உடைந்ததும், தோளுயரம் வளர்ந்ததும், அறைக்கதவு சாத்தப்பட்டதும் நம் நன்றியும் நின்றுபோகிறது. "சின்ன வயசில் எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தான்" என்று அவன் காதுபடவே சொல்கிறோம். அந்த ஒரு வரி ஒரு வளரும் பிள்ளையை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

நாயகத்தின் வீட்டில் வளரும் பிள்ளை எப்படி நடத்தப்பட்டான் என்பதற்கு அனஸ் (ரலி) சாட்சி. பத்து வயது வாக்கில் பணிவிடைக்கு வந்தார், பத்து ஆண்டுகள் இருந்தார். பத்திலிருந்து இருபது. நாம் தலையில் கை வைத்து உட்காரும் அதே வயது! அந்தப் பத்து ஆண்டுகளிலும் என்னைப் பார்த்து 'சீ' என்றதில்லை, ஏன் இப்படிச் செய்தாய் என்றோ, ஏன் செய்யவில்லை என்றோ கேட்டதில்லை என்கிறார் அனஸ். பெற்றோரிடம் 'சீ' சொல்லாதே என்று பிள்ளைக்கு வசனம் காட்டிய எதிரணி, அதைச் சிறுவனிடம் சொல்லாமல் வாழ்ந்து காட்டிய நபியின் வழியைப் பெற்றோருக்குக் காட்ட மறந்துவிட்டது.

இன்னொரு சபை. பானம் கொண்டுவரப்படுகிறது. நாயகத்தின் வலப்பக்கம் ஒரு சிறுவர், இடப்பக்கம் பெரியவர்கள். வலப்பக்கத்துக்கே முதல் உரிமை. "பெரியவர்களுக்கு முதலில் கொடுக்க எனக்கு அனுமதி தருவாயா?" என்று அந்தச் சிறுவரிடம் கேட்டார்கள். உங்களிடமிருந்து கிடைக்கும் என் பங்கை வேறு யாருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்றார் அவர். பாத்திரத்தை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். 'பெரியவர்கள் முன்னால் இப்படியா பேசுவது' என்று யாரும் அவரை அதட்டியதாக அந்த ஹதீஸில் இல்லை.

மகளைப் பெற்றவர்களுக்கு நாயகத்தின் மகள் ஃபாத்திமா (ரலி) அவர்களைச் சொல்கிறேன். பெண் பிறந்தது என்று கேட்டதும் முகம் கறுத்துப்போன மனிதர்கள் வாழ்ந்த மண் அது, 16ஆம் அத்தியாயம் அதைப் படம்பிடித்திருக்கிறது. அந்த மண்ணில், மகள் வரும்போதெல்லாம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து போய்க் கையைப் பிடித்து, முத்தமிட்டு, தாம் உட்காரும் இடத்தில் உட்கார வைப்பார்கள் என்று நாயகத்தின் மனைவி ஆயிஷா (ரலி) சொல்கிறார்கள். அவர்கள் மகள் வீட்டுக்குப் போனால் ஃபாத்திமாவும் அப்படியே செய்வார். முழுதாக வளர்ந்த மகளுக்கு எழுந்து நின்ற தகப்பன்! பெற்றோருக்கு எழுந்து நிற்கும் பிள்ளை வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. அது எங்கிருந்து கற்றுக்கொள்ளப்படுகிறது என்பதையும் இந்த ஹதீஸ் சொல்லிவிட்டது.

"இப்படித் தலையில் தூக்கி வைத்தால் பிள்ளை கெட்டுப்போகும்" என்றார் கடைசியாகப் பேசிய ஐயா. கண்டிப்பு வேண்டாம் என்று எங்கள் அணியில் யாரும் சொல்லவில்லை. ஏழு வயதில் தொழச் சொல்லுங்கள் என்ற ஹதீஸ் எங்களுக்கும் உரியதுதான். ஆனால் எனக்குப் பத்துப் பிள்ளைகள், ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று அக்ரஃ இப்னு ஹாபிஸ் சொன்னபோது, இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்றல்லவா பதில் வந்தது? அந்தப் பிள்ளைகள் முத்தமில்லாமல் எவ்வளவு ஒழுங்காக வளர்ந்தார்கள் என்று அங்கே யாரும் பாராட்டவில்லை.

என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். சில நாட்களாக, வீட்டில் தொழும்போது என் மகன் இமாமாக நிற்கிறான். நானும் என் மகளும் பின்னால் நிற்கிறோம். நான் சொல்லிக்கொடுத்த ஃபாத்திஹாவை, நான் சொல்லிக்கொடுத்ததைவிடத் திருத்தமாக அவன் ஓதி முடிக்கும்போது, அவன் பின்னால் நின்று ஆமீன் சொல்பவள் நான். என் மகளோ, புதிதாக ஒரு துஆ மனப்பாடம் செய்தால் முதலில் அதில் என் பெயரைச் சேர்த்துவிட்டுத்தான் தன் தேவையைக் கேட்கிறாள். இவர்களைப் பெற்றதற்காக இவர்களிடம் கடன் வசூலிக்க என்னால் முடியாது. "நீ எனக்குக் கிடைத்ததற்கு அல்ஹம்துலில்லாஹ்" என்று இருவரிடமும் வாய்விட்டுச் சொல்கிறேன். ஒருவர் தம் சகோதரரை நேசித்தால் அந்த நேசத்தை அவரிடம் தெரிவித்துவிடட்டும் என்பது நபிமொழி. பெற்ற பிள்ளைக்கு அதைவிடக் குறைவாகவா சொல்வது?

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். ஒரே ஒரு வசனத்தோடு முடித்துக்கொள்கிறேன், அது 46ஆம் அத்தியாயத்தின் 15ஆவது. எதிரணிக்கும் பிடித்த வசனம்தான், ஏனென்றால் அதுவும் பெற்றோருக்கு நன்மை செய்யச் சொல்லி, தாய் சிரமத்தோடு சுமந்து சிரமத்தோடு பெற்றதைச் சொல்லித்தான் தொடங்குகிறது. அவர்கள் தொடக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த வசனம் அடுத்து மனிதனின் நாற்பதாவது வயதுக்கு வருகிறது. அந்த வயதில் அவன் கேட்கிறான்: என் இறைவா, எனக்கும் என் பெற்றோருக்கும் நீ தந்த அருளுக்கு நன்றி செலுத்தவும், நீ பொருந்திக்கொள்ளும் நல்லதைச் செய்யவும் எனக்கு வாய்ப்பளி, என் பிள்ளைகளை எனக்காகச் சீராக்கு.

நாற்பது வயதில் பெரும்பாலும் நம் வீட்டில் வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அந்த வயதுக்காரருக்கு அல்லாஹ் கற்றுத்தரும் துஆவில் 'எனக்கு நன்றி செலுத்தும்படி என் பிள்ளைகளுக்குச் சொல்' என்ற வரி இல்லை. நன்றி செலுத்தும் பொறுப்பைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டு, பிள்ளைகளுக்காகக் கையேந்துகிறார் ஒரு தகப்பன், ஒரு தாய். இந்த வசனத்தை முழுதாகப் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று எங்கள் அணியின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.